ஆளுக்கொரு இருக்கை

வெள்ளிக்கிழமை சொன்ன "சரி"யை அவள் இன்னும் வீட்டுக்குள் கொண்டுவரவில்லை.

கண் பரிசோதனை அறையில் விளக்கை அணைத்துவிட்டு, ஒரு கிழவருக்கு எழுத்துப் பலகையைக் காட்டிக்கொண்டிருந்தபோதுதான் முதலாளியின் போன் வந்தது. வேறு ஊரில் திறக்கப்போகும் புதுக் கிளைக்கு அவளைப் பொறுப்பாளராகப் போடுவது பற்றி ஏற்கெனவே சொல்லியிருந்தார். யோசித்துச் சொல்கிறேன் என்று அவளும் டைம் கேட்டிருந்தாள். ஆனால் யோசிக்கவில்லை. யோசிக்க உட்கார்ந்த போதெல்லாம் பிள்ளைகளின் சீருடைக்கு இஸ்திரி போட்டாள்.

"என்னம்மா, முடிவு பண்ணிட்டியா?" என்று அவர் கேட்டதும், அந்த இருட்டே அவளுக்காகப் பேசியதுபோல, "சரிங்க சார்" என்று வந்துவிட்டது.

"கீழ் வரி மங்கலா இருக்கும்மா," என்றார் கிழவர்.

போனை வைக்கும் முன் முதலாளி இன்னொன்றும் சொன்னார். "திங்கக்கிழமை காலைல உங்க வீட்டுக்காரருக்கு நானே போன் பண்றேன். புதுக் கிளைக்கு ஷோகேஸ், ஸ்டாண்டு எல்லாம் அவர் பட்டறையிலதான் செய்யணும். உனக்கும் நல்லது, அவருக்கும் நல்லது."

இன்று ஞாயிறு. விடிந்தால் அந்த போன் வந்துவிடும். அதற்குள் அவள் வாயாலேயே அவனிடம் சொல்லியாக வேண்டும்.

வீட்டில் சொல்ல முடியாது. ஹாலில் மாமனாரின் கட்டில். தனக்குக் காது மந்தம் என்று அவர் சொல்லிக்கொள்வார். அந்த மந்தம் மருந்து சாப்பிட்டீர்களா என்று கேட்கும்போது மட்டும்தான் வரும். உள்ளறையில் பிள்ளைகள். சமையலறையில் இரண்டு பேர் நின்றால் ஒருவர் கதவைத் திறந்துகொண்டு வெளியே போக வேண்டும்.

அதனால் கல்யாணமான புதிதிலேயே இருவரும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். பேச வேண்டியது எதுவானாலும் பார்க்குக்குப் போவது. அங்கே பம்ப் ரூமுக்குப் பின்னால் ஒரு சிமெண்ட் பெஞ்ச் இருந்தது. ஓரம் உடைந்தது. இரண்டு பேர் உட்கார்ந்தால் தோள் இடிக்கும், குரலைத் தாழ்த்திக்கொள்ளலாம். சொந்தமாக வெல்டிங் பட்டறை வைக்கலாம் என்பது அங்கேதான் முடிவானது. இன்னொரு குழந்தை வேண்டுமா என்று அங்கேதான் சண்டை போட்டார்கள். அந்தச் சண்டையின் முடிவு இப்போது ஒன்றாம் வகுப்பு படிக்கிறது. பேசி எழுந்துவிட்டால் அதை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்பதும் ஏற்பாட்டில் சேர்த்தி.

பிறகு பார்க்கைப் புதுப்பிக்கிறோம் என்று சுற்றிலும் தகரம் அடித்து மூடினார்கள். மூடிய நாளிலிருந்து இருவரும் எதையும் உருப்படியாகப் பேசவில்லை. "பார்க் தொறக்கட்டும், பேசிக்கலாம்," என்று அவன் சிரிப்பான். சிரிக்கத்தான் நேரம் இருந்தது. பார்க்குக்கு வேண்டிய இருக்கைகளைச் செய்யும் வேலை அவன் பட்டறைக்கே வந்துவிட்டதால், ஞாயிற்றுக்கிழமைகளிலும் அவன் தீப்பொறிக்கு நடுவில்தான் இருந்தான்.

பார்க் போன வாரம் திறந்தது.

---

நுழைவாயில் வரிசையில் வெயில் நேராக முகத்தில் அடித்தது. சின்னவன், சுண்டு என்று கூப்பிடுவார்கள், பந்தை வயிற்றோடு கட்டிக்கொண்டு நின்றான். பெரியவள் வரிசையை முன்னும் பின்னும் எண்ணி, யார் நடுவில் புகுந்தது என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். பேச்சு வந்த நாளிலிருந்து அவளுக்கு வீட்டில் வக்கீல் என்றுதான் பெயர்.

"உள்ள போய்ப் பாருங்க, அசந்துடுவீங்க," என்றான் அவன். இஸ்திரி போட்ட சட்டை. நகக்கண்ணில் மட்டும் பச்சை பெயிண்ட்.

"ஏங்க, உள்ள போனதும் உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்."

"பேசலாம் பேசலாம். முதல்ல சீட்டெல்லாம் காட்டறேன்."

வாசலில் விசில் மாட்டிய காவலாளி ஒருவர் பையைத் திறந்து பார்த்தார்.

"வெளிச் சாப்பாடு உள்ள வரக்கூடாது."

"சாப்பாடு இல்லைங்க. பிள்ளைங்களுக்குப் பிரெட் ஜாம்."

"அதுவும் வெளிய செஞ்சதுதானம்மா?"

டப்பா மேசைக்குப் போனது. காவலாளியின் கண் பந்தின் மேல் விழுந்தது.

"பந்தும் கூடாது."

"பந்து சாப்பாடு இல்லையே அங்கிள்," என்றாள் வக்கீல்.

"புல்லு மேல போகும் பாப்பா."

"நாங்க புல்லு மேல போக மாட்டோம்."

"நீங்க போக மாட்டீங்க. பந்து போகும்."

சுண்டுவின் கையிலிருந்து பந்தைப் பிடுங்க வேண்டியிருந்தது. அவன் அழவில்லை. உதட்டை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டான். அது பிற்பாடு வரப்போகும் அழுகைக்கு முன்பணம் என்று அவளுக்குத் தெரியும்.

உள்ளே எல்லாம் பளபளப்பாக இருந்தது. யாரும் இன்னும் வாழத் தொடங்காத வீட்டில் இருக்கும் பளபளப்பு. புதிதாக நட்ட மரங்கள் கம்பை ஊன்றிக்கொண்டு, நிழல் தர இன்னும் கற்றுக்கொள்ளாமல் நின்றன. கம்பங்களில் கட்டிய ஒலிபெருக்கியிலிருந்து, யாரோ தூக்கத்தில் வாசிப்பது போலப் புல்லாங்குழல் கேட்டது. நீரூற்றில் தண்ணீர் இல்லை. அதன் நடுவில் ஒரு புறா நின்று, தான் சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோமா என்பதுபோலத் திரும்பித் திரும்பிப் பார்த்தது.

புல்வெளி முழுவதும் கயிறு. கயிற்றில் பலகைகள். நடக்காதீர். உட்காராதீர். கயிற்றில் சாயாதீர்.

"அப்ப எதுதான் பண்ணலாம்?" என்றாள் வக்கீல்.

"படிக்கலாம்," என்றாள் அவள்.

அவள் பம்ப் ரூமைத் தேடினாள். வலது பக்கம் திரும்பி, மூங்கில் புதரைத் தாண்டினால் வர வேண்டும். மூங்கில் இல்லை. அது இருந்த இடத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்பு இதயம், சிவப்பு பெயிண்டில். அதற்குள் முகத்தை வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்ள ஒரு கூட்டம்.

"இதுவும் நம்ம பட்டறைதானா?"

"சே. இது வேற பார்ட்டி. வெல்டிங்கைப் பாரு, மூக்கு ஒழுகின மாதிரி."

"நம்ம பெஞ்ச் எங்கங்க?"

"இடிச்சிட்டாங்க போல," என்றான் அவன், அந்த வெல்டிங்கிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஓரம் உடைந்த ஒரு சிமெண்ட் பெஞ்ச், அவ்வளவுதான். ஆனால் இரண்டு நாளாக அவள் மனசுக்குள் ஒத்திகை பார்த்த பேச்செல்லாம் அந்த பெஞ்சில் உட்கார்ந்துதான் நடந்திருந்தது. இடது பக்கம் அவன், வலது பக்கம் அவள். முதலில் சம்பளத்தைப் பற்றிப் பேசாமல், வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கே இன்னும் எத்தனை வருஷம் இருந்தாலும் யாராவது ஒரு டாக்டரின் நிழலில்தான் நிற்க வேண்டும், அங்கே அறையும் அவளுடையது, முடிவும் அவளுடையது என்று சொல்ல வேண்டும். பிறகுதான் "சரி" சொன்னதைச் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் வரிசை இருந்தது. வரிசையாக உட்கார வைக்கத்தான் இடம் இல்லை.

"ஏங்க, நான் சொல்ல வந்தது..."

நீண்ட விசில். சுண்டுவின் ஒரு கால் கயிற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

---

சறுக்குமரத்தில் இன்னொரு வம்பு.

அதன் பக்கத்தில் ஒட்டகச்சிவிங்கி வரைந்த பலகை. அதன் கழுத்தில் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே இருக்கும் பிள்ளைகள் பெரிய சறுக்குமரத்தில் ஏறக் கூடாது. சுண்டுவின் தலை கோட்டுக்கு ஒரு விரல் கீழே நின்றது. சின்ன சறுக்குமரத்துக்குப் போனால், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கு அங்கே இடமில்லை என்றாள் அதைப் பார்த்துக்கொள்ளும் பெண்.

"தலைமுடியையும் சேர்த்து அளக்கணும்க்கா," என்றாள் வக்கீல். தம்பியின் முடியை மேல்நோக்கிப் பிடித்துக் காட்டினாள்.

"முடி கணக்கில்லம்மா."

"எதுல எழுதியிருக்கு?"

"அம்மா, கூட்டிட்டுப் போங்களேன் இவளை," என்றாள் அந்தப் பெண் களைப்போடு.

மணல்தொட்டியில் இன்னும் மணல் போடவில்லை. கடைசியில் அவள் பிள்ளைகள் இருவரையும் ஊஞ்சல் வரிசையில் நிறுத்தினாள். வரிசை வளைந்து கழிப்பறை வரை போயிருந்தது. "தம்பியை விட்டு நகரக் கூடாது. நாங்க அங்க உட்கார்ந்திருப்போம்."

"நீங்க மட்டும் உட்காரலாமா?" என்று கேட்டாள் வக்கீல்.

அவனைக் காணோம். பார்த்தால், நடைபாதையின் ஓரத்தில் தன் இருக்கைகளுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். மகளை மேடையில் பார்க்கும் தகப்பனின் நிற்பு அது. பச்சை நிறம், வளைந்த குழாய், இரண்டு பக்கமும் கைப்பிடி, தரையில் போல்ட் போட்டு முடுக்கிய கால்கள்.

"உட்கார்ந்து பாரு. முதுகுக்கு எப்படி இருக்குன்னு சொல்லு."

உட்கார்ந்தாள். முதுகுக்கு நன்றாகத்தான் இருந்தது. பக்கத்தில் கையை நீட்டினாள். கை காற்றில் நின்றது. அடுத்த இருக்கை எட்டாத தூரத்தில் இருந்தது. அதற்கு அடுத்ததும் அதே தூரத்தில். ஒவ்வொன்றும் தனித்தனியாக, முன்பின் தெரியாதவர்கள் போல.

"ஏன் இவ்வளவு தள்ளித் தள்ளி இருக்கு?"

"படத்துல அப்படித்தான் கொடுத்திருந்தாங்க. யாரும் படுத்துடக் கூடாதாம்."

"ரெண்டு பேர் உட்கார்ற மாதிரி ஒண்ணு கூட இல்லையா?"

அவன் வாயைத் திறந்தான். வரிசையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தான். பட்டறையில் இவை ஒன்றின் மேல் ஒன்றாக, ஒன்றின் மடியில் இன்னொன்றாக அடுக்கிக் கிடந்தன. சாப்பாடு கொடுக்கப் போனபோது அவளும்தான் பார்த்திருக்கிறாள். அடுக்கியிருந்தபோது இந்தத் தூரம் இருவர் கண்ணிலும் படவில்லை.

"இல்ல போல," என்றான்.

அது மட்டுமல்ல, காலியாக இருந்தவை இரண்டுதான். அவற்றுக்கு நடுவில் இருந்ததில் ஒருவர் இருந்தார். நடைப்பயிற்சிக்கான வெள்ளை ஷூ, கழுத்தில் துண்டு, ஒரு காதில் மட்டும் பாட்டு.

"சார், நீங்க கொஞ்சம் இந்தப் பக்கம் மாறி உட்கார்ந்தீங்கன்னா..."

"அங்க வெயில் படுதும்மா," என்றார் அவர். "நான் இருக்கேன்னு பாக்காதீங்க. எனக்குப் பாட்டு ஓடுது."

பாட்டு ஓடாத காது அவள் பக்கம் இருந்தது.

"சொல்லு, என்னமோ பேசணும்னியே," என்றான் அவன், அவருக்கு அந்தப் பக்கமிருந்து.

"இங்கேயா?"

"இதுக்கு மேல எங்க போறது?"

அதுவும் உண்மைதான். வீட்டுக்குப் போனால் மாமனார். அதன் பிறகு விடிந்துவிடும். அவள் கைப்பிடி இரண்டையும் பிடித்துக்கொண்டாள்.

"வெள்ளிக்கிழமை எங்க முதலாளி போன் பண்ணார்."

"ம்."

"புதுக் கிளை தொறக்கறாங்க."

"என்னது?"

ஐஸ்கிரீம் வண்டிக்குப் பக்கத்தில் ஒரு குழந்தை தரையில் புரண்டு அழுதுகொண்டிருந்தது. அவன் கையைக் காதில் குவித்தான். "கேக்கல. சத்தமாச் சொல்லு."

"புதுக் கிளை தொறக்கறாங்க. வேற ஊர்ல. என்னைப் பொறுப்பாப் போடறாங்க. நான் சரின்னு சொல்லிட்டேன்."

குழந்தைக்கு யாரோ ஐஸ்கிரீம் கொடுத்திருக்க வேண்டும். கடைசி வாக்கியம் மட்டும் அமைதியில் தனியாகப் போய் விழுந்தது. நடந்துபோன இருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

"நல்ல விஷயம்தானே. வாழ்த்துக்கள்மா," என்றார் வெள்ளை ஷூக்காரர்.

"தேங்க்ஸ் சார்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. இதைப் பற்றி அவளை முதன்முதலில் வாழ்த்தியது, பெயர்கூடத் தெரியாத ஒரு மனிதர்.

அவன் குனிந்து தரையைப் பார்த்தபடி கேட்டான். "சரின்னு சொல்லிட்டேன்னு சொல்றியா? இல்ல, சொல்லட்டுமான்னு கேக்கறியா?"

"சொல்லிட்டேன்."

"வெள்ளிக்கிழமையே."

"ஆமா."

"நேத்தெல்லாம் வாயில என்ன இருந்துச்சு?"

"எங்க சொல்றது? உங்கப்பா முன்னாடியா?"

"பட்டறைக்கு வந்திருக்கலாம்ல?"

"வந்தேனே. நேத்து சாயங்காலம் வந்தேன். கிரைண்டர் ஓடிட்டிருந்தது. நீங்க மூஞ்சில இருந்து கண்ணாடியைக்கூடக் கழட்டாம, என்ன, சாவி வேணுமான்னு கேட்டீங்க. ஆமான்னு வாங்கிட்டு வந்துட்டேன்."

"சாவி எதுக்கு வாங்கின?"

"நீங்க குடுத்தீங்க, வாங்கினேன்."

வெள்ளை ஷூக்காரர் இருமினார். "ஊர் எப்படிம்மா? தண்ணி வசதியெல்லாம்..."

"சார், ஒரு நிமிஷம்," என்றான் அவன். குரலில் ரம்பம் இருந்தது. பிறகு அவளிடம், "இங்க பாரு. பட்டறைய நான் தோள்ல தூக்கி வெச்சுக்கிட்டு அந்த ஊருக்கு வர முடியுமா? இப்பத்தான் நாலு பேருக்கு நம்ம வேலை தெரியுது."

"நான் உங்களை வரச் சொல்லலையே."

அவள் சொல்ல வந்தது அது இல்லை. நீங்கள் உங்கள் வேலையை விட வேண்டாம், உங்களைச் சிரமப்படுத்த மாட்டேன், சனி ஞாயிறு போய்வந்து சமாளிக்கலாம், கொஞ்ச நாள் பார்க்கலாம். இவ்வளவும் அந்த வாக்கியத்துக்குப் பின்னால் வரிசையில்தான் நின்றன. முதல் வாக்கியம் மட்டும் உள்ளே போனது, கதவு சாத்திக்கொண்டது.

வெள்ளை ஷூக்காரர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "எனக்கு இன்னும் ஒரு சுத்து பாக்கி இருக்கு," என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, அன்று பார்த்த எந்த நடையையும்விட வேகமாக நடந்து போனார்.

நடு இருக்கை காலியானது. இருவரும் அதில் போய் உட்காரவில்லை.

"பிள்ளைங்க?" என்றான் அவன்.

"என்கூடத்தான். அங்க ஸ்கூல் பக்கத்திலேயே..."

"ஸ்கூல் வரைக்கும் பாத்தாச்சா?"

"விசாரிச்சேன். அவ்வளவுதான்."

"நல்லது. நான் எந்த ஊர்ல இருக்கணும்னும் விசாரிச்சு வெச்சிருப்பே. அதையும் சொல்லிடு."

அவளுக்குக் கோபம் வந்தது. அழுகை வந்திருந்தால்கூடச் சமாளித்திருக்கலாம். இந்த ஆள் இவ்வளவு நாளும் உட்கார்ந்து செய்தது இதைத்தானா? பக்கத்தில் வர முடியாத ஒரு நாற்காலி, அதற்குப் பக்கத்தில் வர முடியாத இன்னொன்று. சம்பளத்தைச் சொல்லாமல் வேலையைச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தாள். இரண்டையுமே சொல்லவில்லை.

"உங்ககிட்ட எப்பங்க பேசறது?" என்றாள். "பார்க் தொறக்கட்டும், பார்க் தொறக்கட்டும்னீங்க. தொறந்தாச்சு. இதோ பேசறேன். பாருங்க, எவ்வளவு அழகா இருக்கு."

கை சும்மா இருந்தால் அவனுக்கு வாய் ஓடாது. வாய் ஓடாவிட்டால் கை சும்மா இருக்காது. எழுந்து காலி இருக்கையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான். லேசாக ஆடியது. பையிலிருந்து சின்ன ஸ்பேனரை எடுத்தான். ஞாயிற்றுக்கிழமை இஸ்திரிச் சட்டையிலும் அவனிடம் ஸ்பேனர் இருக்கும். மண்டியிட்டு போல்ட்டை முடுக்கத் தொடங்கினான்.

விசில்.

---

"சார், சார். கையை எடுங்க. பொதுச் சொத்து."

"ஆடுதுங்க. முடுக்கறேன்."

"அதுக்கு ஆள் இருக்கு. நீங்க தொடாதீங்க."

"நான்தாங்க இதைச் செஞ்சேன்."

"நேத்து ஒருத்தர் நீரூற்றை நான்தான் செஞ்சேன்னார். பைப்பைக் காணோம்."

"நிஜமாத்தான் சொல்றேன். இங்க பாருங்க, இந்த வளைவு..."

"எழுந்திருங்க சார். ஸ்பேனரைக் கொடுங்க."

"ஸ்பேனரை எதுக்குத் தரணும்?"

சத்தம் கேட்டு நாலைந்து பேர் கூடினார்கள். ஒருவர் போனைத் தூக்கிப் படம் எடுக்கத் தொடங்கினார். அவன் முழங்காலில் சிவப்பு மண்ணோடு, கையில் ஸ்பேனரோடு, தான் செய்த இருக்கைக்கு முன்னால் திருடனைப் போல நின்றான். அவள் எழுந்து நடுவில் போனாள். "விடுங்க, வாங்க போலாம்." யாரிடம் சொல்கிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு வக்கீல் வந்தாள். ஒரு கையில் சுண்டு. ஊஞ்சல் கிடைக்கவில்லை என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. வாசலில் கொடுத்த முன்பணம் போக மீதி அழுகை முழுவதும் இப்போது வந்துகொண்டிருந்தது.

"அங்கிள், எங்கப்பாதான் இதைச் செஞ்சாங்க. ஞாயித்துக்கிழமையெல்லாம் எங்களை எங்கேயும் கூட்டிட்டுப் போகாம இதைத்தான் செஞ்சாங்க. எனக்குத் தெரியாதா?"

"பாப்பா, நீ போய் விளையாடு."

"எங்க விளையாடறது? பந்து உங்ககிட்ட இருக்கு. புல்லுல நடக்கக் கூடாது. தம்பி அதுக்கு குட்டை, இதுக்கு நெட்டை. இப்ப எங்கப்பா அவர் சீட்டைத் தொடக் கூடாதா?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் வக்கீலின் குரல் உடைந்தது.

"நீங்களே வெச்சுக்கங்க உங்க பார்க்கை. நாங்க ஊரை விட்டே போறோம்." ஒரு கணம் நின்றாள். கணக்கு சரியாக வரவில்லை என்பதுபோலத் திருத்தினாள். "பாதி பேர்."

அவளும் அவனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்று முழுவதும் அப்போதுதான் பார்த்துக்கொண்டார்கள்.

ஊஞ்சல் வரிசை வளைந்து எதுவரை வந்திருந்தது என்பதை அவள் இப்போதுதான் கவனித்தாள். கழிப்பறைச் சுவர். அதற்கு நேர் பின்னால் இந்த இருக்கைகள். சத்தமாகச் சொல் என்றான் அவன். அவளும் சத்தமாகத்தான் சொன்னாள்.

---

டப்பாவையும் பந்தையும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். டப்பாவில் எறும்பு.

பட்டறையின் சின்ன லோடு வண்டிதான் அவர்களுக்குக் கார். முன்சீட்டில் நால்வரும் நெருக்கி உட்கார வேண்டும். அவன் ஸ்டீயரிங்கில், அவள் ஜன்னலோரம், நடுவில் பிள்ளைகள். சுண்டு மூச்சு வாங்கி வாங்கி அழுது ஓய்ந்து, பந்தில் கன்னத்தை வைத்துக்கொண்டான். பின்னால் இரும்புக் குழாய்கள் ஒன்றோடொன்று உரசிப் பேசிக்கொண்டே வந்தன.

கடைகள் போய்க்கொண்டிருந்தன. ஒரு தையற்கடையில் தலையில்லாத பொம்மைகள் சாயங்கால வெளிச்சத்தில் பொன்னாக நின்றன. அங்கே போனால் இந்த நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே என்ன தெரியும் என்று அவள் மனசு தானாகப் போய்விட்டு, வெட்கப்பட்டுத் திரும்பி வந்தது.

"நாளைக்குக் காலைல அவர் உங்களுக்குப் போன் பண்ணுவார்," என்றாள். "ஷோகேஸ் வேலை விஷயமா. அதுக்கு முன்னாடி சொல்லிடணும்னுதான்..."

"ஓ," என்றான். கியரை மாற்றினான். "அதுக்குத்தான் இன்னைக்கு."

"அதுக்காக மட்டும் இல்ல."

"பண்ணட்டும். நான் பேசிக்கறேன்."

"என்ன பேசுவீங்க?"

"பேசிக்கறேன்னு சொன்னேன்ல."

"எங்கிட்ட யாராவது பேசுவீங்களா?" என்றாள் வக்கீல்.

முன்னால் சிவப்பு விளக்கு. வண்டி நின்றது. குழாய்கள் ஒருமுறை குலுங்கி அடங்கின.

வக்கீல் இருவரையும் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே, குறுக்கே கடந்து போகிறவர்களைப் பார்த்தபடி பேசினாள். வாதாடும் குரல் இல்லை அது. "நான் ஊஞ்சல் வரிசைல நின்னு எல்லாம் கேட்டேன். பிள்ளைங்க என்கூடன்னு அம்மா சொன்னீங்க. அப்பா வேணாம்னும் சொல்லல, சரின்னும் சொல்லல. எங்களை ஒரு வார்த்தை கேக்கல."

"கேக்கணும்னுதான் இருந்தேன் கண்ணு," என்றாள் அவள்.

"எப்ப?"

முதலாளி அவளைக் கேட்டார். அவள் டைம் வாங்கினாள். வாங்கிய டைமில் ஒரு நாளைக்கூட இந்தப் பெண்ணுக்குப் பங்கு வைக்கவில்லை.

"இப்ப கேக்கறேன். என்கூட வர்றியா?"

"அப்பா வராங்களா?"

அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. அவனும் திரும்பவில்லை. ஆனால் அந்தக் கேள்வி இருவரின் தோளையும் தொட்டுக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தது.

"உங்கம்மா என்னை வரச் சொல்லல," என்றான் அவன் மெதுவாக. கோபமாகச் சொல்லியிருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும்.

"இப்ப சொல்றேன்," என்றாள். "வாங்க."

சொல்லிவிட்டாள். அதில் எவ்வளவு நிஜம், எவ்வளவு அந்தப் பெண்ணின் முகத்துக்காகச் சொன்னது என்று அவளுக்குத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை "சரி" வந்த அதே இடத்திலிருந்துதான் இதுவும் வந்தது, யோசிக்காமல். அவன் பட்டறை, பின்னால் கிடக்கும் குழாய்கள், ஹாலில் கட்டில் போட்டிருக்கும் மாமனார், எல்லாரையும் அந்த ஒரு வார்த்தை எந்த வண்டியில் ஏற்றப்போகிறது என்று அவளுக்கே விளங்கவில்லை. ஆனாலும் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

அவன் இரண்டு கைகளையும் ஸ்டீயரிங் மேல் வைத்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். தாடை ஒருமுறை அசைந்தது. சொல்ல வந்தான், அல்லது சொல்லாமல் விழுங்கினான்.

பின்னால் ஹாரன் அடித்தார்கள். பிறகு இன்னொருவர். பிறகு எல்லாரும்.

"அப்பா," என்றான் சுண்டு, பந்திலிருந்து கன்னத்தை எடுக்காமல். "பச்சை விழுந்துடுச்சு."

அவன் வண்டியை எடுக்கவில்லை.